போல்டு எழுத்து இல்லையா, நிம்மதி வேண்டாம்: சர்க்கரைக்காரர்கள் கொழுப்பு ரிப்போர்ட்டில் செய்யும் தவறுகள்

செம்பூரில் என் கிளினிக்குக்குப் புதிதாகச் சர்க்கரை என்று வருகிறவர்கள், ஆறே மாதத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பற்றி எனக்கே வகுப்பெடுக்கும் அளவுக்குத் தேறிவிடுகிறார்கள். அதே ஃபைலில் அடுத்த தாளாக இருக்கும் லிப்பிட் ப்ரொஃபைலை, அதாவது ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட்டை மட்டும் யாரும் திருப்புவதில்லை. டைப் 2 சர்க்கரை உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும்தான். வடா பாவைக் குறையுங்கள் என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எல்.டி.எல். 96, அதனால் நார்மல்

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற அண்ணாச்சி ஒருவர், ஸ்டென்ட் வைத்த பிறகு என்னிடம் வந்தார். சர்க்கரையோடு பிபியும் உண்டு. மகன் மஞ்சப்பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். “டோட்டல் நார்மல், கெட்ட கொழுப்பும் நார்மல். அப்புறம் எப்படி டாக்டர் அப்பாவுக்கு அட்டாக் வந்துச்சு?”

டோட்டல் கொலஸ்ட்ரால் 176. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 96. இரண்டும் சாதா எழுத்தில், அதாவது லேப் வரம்புக்குள். நல்ல கொழுப்பான எச்.டி.எல். 33, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 235 இரண்டும் வரம்பு மீறியதால் போல்டில் கத்திக்கொண்டிருந்தன. கெட்டதுதான் நார்மலாச்சே என்று அவற்றை யாரும் சட்டை செய்யவில்லை.

முதலில், பல லேப்களில் அந்த 96 அளந்து வந்த எண்ணே கிடையாது. கணக்குப் போட்டு வந்தது. டோட்டலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 176 − 33 − 47 = 96. 1972-ல் ஃப்ரீடுவால்டு என்பவர் குழு தந்த சூத்திரம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கியிருக்கும் சர்க்கரைக்காரரின் எல்.டி.எல். துகள்கள் சின்னதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். ஒரு லாரி ஏற்றும் சரக்கைப் பத்து ஆட்டோவில் பிரித்து அனுப்புவதுபோல. எல்.டி.எல். எண் சரக்கின் எடையைச் சொல்கிறது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து கெடுப்பது வண்டிகள். துகளுக்கு ஒன்று வீதம் இருக்கும் அப்போ-பி என்ற புரதத்தை அளந்தால் வண்டிகளை எண்ணிவிடலாம். அதற்குக் காசு செலவாகும். செலவே இல்லாத வழி, டோட்டலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழிப்பது: 143. இதுதான் நான்-எச்.டி.எல். அட்டாக்குக்கு முன்பே அண்ணாச்சிக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழும், இது 100-க்குக் கீழும் இருந்திருக்க வேண்டும். இப்போது எல்.டி.எல். இலக்கு 55-க்கும் கீழே. இந்திய லிப்பிட் சங்கம் 50-க்குக் கீழ் என்கிறது.

லேப் அச்சடிக்கும் ‘நார்மல்’ ஊருக்கெல்லாம் பொது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. நாற்பது தாண்டிய சர்க்கரைக்காரருக்கு, எல்.டி.எல். என்ன காட்டினாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேச்செடுக்க வேண்டும். 2004-ல் வந்த கார்ட்ஸ் ஆய்வில், இதய நோய் வராத, எல்.டி.எல்.லும் பெரிதாக ஏறாத 2,838 சர்க்கரை நோயாளிகளில் பாதிப்பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினை 10 மி.கி. கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

ரிப்போர்ட் நல்லா வந்ததும் மாத்திரையை நிறுத்துவது

நல்லா வந்ததே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே வந்து நிற்கும்.

“ஸ்டேட்டின் சர்க்கரையை ஏத்துமாமே?”

கொஞ்சம் ஏற்றலாம். இதயத்துக்குக் கிடைக்கும் பலன் அதைவிட அதிகம்.

டிரைகிளிசரைடை மட்டும் துரத்துவது

ஃபைப்ரேட் மாத்திரையில் இந்த எண் அழகாக இறங்கும். ஆனால் 2010-ல் அக்கார்டு, 2022-ல் ப்ராமினன்ட் ஆகிய இரண்டு பெரிய ஆய்வுகளிலும் மாரடைப்பு போன்றவை அதற்கேற்பக் குறையவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, குடியை விட்டு, சோறு, மைதாவைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 500-க்கு மேல் போனால் கதை வேறு. கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப்போடாதீர்கள்.

“கொலஸ்ட்ரால் இல்லாத” எண்ணெய்

எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காயெண்ணெயிலும்தான் இல்லை, ஆனாலும் அது எல்.டி.எல்.லை ஏற்றும்.

கை கால் வலி என்று தானாக நிறுத்துவது

வலி வந்தால் வந்து சொல்லுங்கள். முதலில் தைராய்டு பார்க்க வேண்டும். அது குறைந்தால் தசையும் வலிக்கும், எல்.டி.எல்.லும் ஏறும், பழி மாத்திரை மேல் விழும். தைராய்டு சரியாக இருந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றலாம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான எசெட்டிமைப் சேர்க்கலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.