நடுவில் சிக்கிய கைப்பிடி: என் அனுபவம்

மலேசியாவில் தனியார் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது என்பதால், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பட்டறைக்காரர் எதைத் தொட்டுப் பார்க்கிறாரோ அதுவே பரிசோதனை. விளக்கு, ஹாரன், பிரேக், டயர் ஆகியவற்றோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கைப்பிடித் தண்டு இலகுவாகத் திரும்ப உதவும் பேரிங்கை, அதாவது மேலும் கீழும் உள்ள கிண்ணங்களில் உருளும் சிறு எஃகுக் குண்டுகளை, யாரும் சீண்டுவதில்லை.

செம்பனைக்காட்டுச் செம்மண் பாதையிலேயே ஓடிய என் ஹோண்டா இஎக்ஸ்5, நேராகப் போகும்போதே அலையத் தொடங்கியது. ஒரு பட்டறையில் கைப்பிடித் தண்டின் மேல் நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள், அலைச்சல் கூடியது. பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் தரையில் படாதவாறு தூக்கி நிறுத்தி, கைப்பிடியை ஒரு விரலால் மெல்லத் திருப்பினேன். மிகச் சரியாக நடுவில் 'டக்'கென்று நின்றது.

வேறொரு பட்டறை அண்ணன் பேரிங்கைக் கழற்றி, அதன் கிண்ணத்தை வெளிச்சத்தில் காட்டினார்: குண்டுகள் ஒரே இடத்தில் அமர்ந்து குலுங்கியதால், வரிசையாகச் சிறு குழிகள். "குண்டை மட்டும் மாத்துனா பிரயோஜனமில்ல தம்பி" என்றார். மேல், கீழ்க் கிண்ணங்களையும் சேர்த்தே மாற்றி, கிரீஸ் நிறையப் பூசி, நட்டை முதலில் இறுக்கி, பின்னர் கைப்பிடி தன் எடையிலேயே இருபுறமும் சாயும் அளவுக்குத் தளர்த்தினார். முன் ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்தபோது ஆட்டமில்லை. புதிய கிண்ணங்கள் படிந்தபின் நட்டு சற்றே தளரும் என்பதால், சில வாரங்கள் கழித்து அதை மறுபடி சரிபார்த்துக்கொண்டேன்.