சிறு குடாவைப் பேணுதல்: இராமநாதபுரக் கடற்கரைத் தன்னார்வலர்களுக்கு

பாம்பனுக்கு வடக்கே கிடக்கும் கடலும் தெற்கே கிடக்கும் கடலும் ஒன்றல்ல. பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் நம் மீனவர்கள் பிரித்தே பேசுவார்கள். நீங்கள் பேண நினைக்கும் குடா இவற்றில் எதைப் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே சாக்கைக் கையில் எடுக்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிவிடும். குப்பையும் காற்றின் வழியேதான் வந்து ஒதுங்குகிறது. ஆகவே தென்கடல் குடாவில் புரட்டாசியிலும் வடகடல் குடாவில் மாசியிலும் பெரிய துப்புரவை வைத்துக்கொள்ளுங்கள். காற்று வீசும் மாதத்தில் நூறு பேரைத் திரட்டிச் சுத்தம் செய்தால் ஒரே வாரத்தில் கரை பழையபடி நிறைந்துவிடும்; வந்தவர்கள் மனம் சோர்ந்து மறுமுறை வர மாட்டார்கள்.

இடத்தைப் பற்றிக் கேட்டறிய ஊர்த் தலைவரிடமும் கரைவலை இழுப்பவர்களிடமும் போவது வழக்கம். கடற்பாசி எடுக்கும் பெண்களிடமும் கட்டாயம் கேளுங்கள் என்பேன். எந்தப் பாறைக்குப் பின்னால் வலை சிக்கிக் கிடக்கிறது, எங்கே திருக்கை படுத்திருக்கும், எந்தப் பக்கம் மணல் அரித்துப் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குக் காலடியில் தெரியும். மாதத்தில் 12 நாள்களுக்கு மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் விருது 2015ஆம் ஆண்டு கிடைத்தது. அவர்கள் கரையேறும் வழியிலும் வலை உலர்த்தும் இடத்திலும் வேலை வைக்க வேண்டாம். வனத்துறையிடமும் ஊராட்சியிடமும் முன்னதாகவே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது. அங்கே துப்புரவு நோக்கமும் விதிவிலக்கு ஆகாது.

இனி, எதை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் நாங்கள் செய்த பிழை இதில்தான். வாடை ஓய்ந்ததும் எங்கள் குடாவின் கரை நெடுகப் பழுப்பு நிறத்தில் முழங்கால் உயரத்துக்குக் கடற்புல் சருகு குவிந்திருந்தது. அதனை நாற்றம் பிடித்த குப்பை என்றே கருதி, வாரி அள்ளி இரண்டு டிராக்டர் நிறைய ஏற்றி அனுப்பினோம். அடுத்த வாடையில் அலை நேரே மணலில் மோதியது. ஒதுங்கிய கடற்புல், அலைக்கு மெத்தை போலக் கிடந்து மணலைப் பிடித்து வைக்கிறது என்பதை அதன் பிறகே உணர்ந்தோம். அந்தச் சருகைக் கையால் சற்றே விலக்கிப் பாருங்கள்: அடியில் ஈரம் காயாமல் இருக்கும், கடுகளவு உயிர்கள் துள்ளி ஓடும், நீங்கள் பத்தடி தள்ளிப் போனவுடன் உள்ளான் பறவைகள் வந்து அவற்றைக் கொத்தத் தொடங்கிவிடும். எனவே மண்வாரியும் இயந்திரமும் இங்கே வேண்டாம். குனிந்து, சருகுக்குள் சிக்கிய நெகிழியையும் தூண்டில் நரம்பையும் மட்டும் விரலால் பிரித்தெடுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், அதற்கு வேறு வழியில்லை.

உடைந்த பவளக் கல்லையும் எடுத்துச் செல்லக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை காக்கப்பட்டவை. பவளம் செத்துக் கரையில் கிடந்தாலும் அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். கொட்டலசு என்னும் கூர்ஓட்டுச் சிற்றுயிர் ஒட்டிய கண்ணாடிப் புட்டியை எடுக்கும்போது கையுறை அவசியம். அதன் விளிம்பு கத்தியைப் போல் அறுக்கும்.

வலைதான் மிகக் கடினமான பகுதி. பாதி மணலில் புதைந்த நண்டு வலையைக் கண்டதும் நான்கு பேர் சேர்ந்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் வலை அறுந்து மீதி உள்ளேயே தங்கிவிடும், அதை அடுத்த அலை வெளிக்கொணர்ந்து மீண்டும் கொல்லும். ஒருவர் மணலைக் கையால் தோண்டிக்கொண்டே போக, இன்னொருவர் வெளிப்பட்ட பகுதியைச் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். கண்ணியில் நண்டு உயிருடன் இருந்தால், அதன் காலைத் திருகாமல், நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் நூலை மட்டும் வெட்டி நீரில் விடுங்கள். நீருக்குள் பவளத்தின் மேல் படிந்த வலையை, பயிற்சி பெற்ற முக்குளிப்பவர் இல்லாமல் தொட வேண்டாம். ஒரே இழுப்பில் பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்து போகும்.

வலையில் ஆமை சிக்கியிருந்தால் முதலில் கழுத்தைச் சுற்றிய நூலை வெட்டுங்கள். பிறகு நிழல் செய்து, மூக்கை மூடாமல் ஈரத்துணி போர்த்தி, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தளர்ந்து கிடக்கும் ஆமையைக் கடலில் தள்ளிவிடக் கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமை கரையேறி முட்டையிடும் காலமாதலால், அந்த மாதங்களில் விடியற்காலையில் மணலில் சுவடு தெரிகிறதா என்று ஒருவர் பார்த்து வந்த பிறகே மற்றவர்கள் இறங்க வேண்டும். சுவடு இருந்தால் தோண்டிப் பார்க்காதீர்கள், குச்சி குத்திப் பார்க்காதீர்கள். அலை எட்டாத தூரத்தில் ஒரு கம்பை அடையாளமாக நட்டுவிட்டு வனக்காவலரை அழையுங்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாள்கள் வரை ஆகும். அந்த நாள்களில் கரையோர விளக்குகளை இரவில் அணைத்து வைக்க ஊராரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைக் கண்ட குஞ்சுகள் கடலை விட்டு ஊர்ப்பக்கம் ஊர்ந்து வந்துவிடும்.

நடுவதில் எல்லோருக்கும் ஆசை அதிகம். இதில் அவசரம் கூடவே கூடாது. மணல்மேட்டுக்கு அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் போதும். மழை தொடங்கும் ஐப்பசியில், நான்கைந்து கணுக்கள் உள்ள அடம்புக் கொடித் துண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்கும்படி, உயர்ந்த அலை தொடும் கோட்டுக்கு மேலே சாய்த்துப் புதையுங்கள். சவுக்கு வேண்டாம், ஆமை ஏறி வரும் திறந்த மணலை அது அடைத்துவிடும். சீமைக்கருவேல் நாற்றுகளை மழை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். காரங்காடு போலச் சேறும் உப்பங்கழியும் உள்ள இடத்துக்கு அலையாத்தி பொருந்தும். மணற்குடாவில் அதை நட்டால் பட்டுப்போகும், கடற்புல் மேல் நட்டால் ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் நிலத்தையும் கெடுத்ததாகும். கடற்புல்லையே மீட்டு நடுவது ஆராய்ச்சியாளர்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

சேர்த்ததைக் கரையில் எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். நைலான் வலை, கயிறு, புட்டி, செருப்பு எனப் பிரித்து, மணலை உதறி, தராசில் நிறுத்துக் குறியுங்கள். மண் போக உதறிய வலையைப் பழைய பொருள் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மீதியை ஊராட்சி வண்டிக்குக் கொடுத்துவிடலாம். தேதி, காற்று, எடை, என்ன வகை என்ற நான்கையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் தொடர்ந்து வந்த ஒரே வகைக் கயிற்றைப் பார்த்துத்தான், அது எந்தப் படகுத்துறையிலிருந்து வருகிறது என்று ஊர்க் கூட்டத்தில் பேச முடிந்தது. இப்போது அந்தத் துறையில் அறுந்த கயிற்றைப் போட ஒரு பீப்பாய் நிற்கிறது. வாரம் ஒருமுறை அதைக் காலி செய்வது எங்கள் முறை.