முதல் சரளி வரிசையை டேப்லெட்டில் ஸ்டாஃப் நொட்டேஷனாக எழுதுவது எப்படி?

கீபோர்டிலோ வயலினிலோ ஐந்து கோட்டு நொட்டேஷன் படித்துப் பழகிய பிள்ளைகள் கர்நாடக சங்கீதம் கற்க வரும்போது, வெறும் "ஸ ரி க ம" என்று எழுதிக் கொடுத்தால் திணறிப் போகிறார்கள். அவர்களுக்காக, கர்நாடக சங்கீதத்தில் தொடக்கத்தில் கற்றுத்தரும் பயிற்சியான முதல் சரளி வரிசையை டேப்லெட்டில் எழுதுவோம். மொத்தமே நான்கு பார் (செங்குத்துக் கோடுகளால் பிரித்த கட்டம்), பதினாறு ஸ்வரம்தான்.

ஃப்ளாட் என்ற செயலி ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டிலும் கிடைக்கும். தொடங்குவதற்கு இலவசக் கணக்கு போதும். மியூஸ்ஸ்கோரின் டேப்லெட் செயலி, ஸ்கோரைப் பார்க்கவும் கேட்கவும்தான். அதில் எழுத வேண்டுமென்றால் கணினிதான். பலர் இதைத் தெரியாமல் இறக்கிவிட்டு எழுதும் பொத்தானைத் தேடுகிறார்கள். பேனாவால் கையெழுத்தாகவே எழுத ஆசை என்றால் ஸ்டாஃப்பேட் இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டும்.

சரி, புது ஸ்கோர் திறந்து பியானோ அல்லது வயலினைத் தேர்ந்தெடுங்கள். டைம் சிக்னேச்சர் 4/4. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை என்பதால் இரண்டு பார் சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. கீ சிக்னேச்சரில், அதாவது வரியின் தொடக்கத்தில் ஷார்ப், ஃப்ளாட் குறிகள் வரும் இடத்தில், ஒன்றும் போடாதீர்கள். ஸ ஒரு கட்டையில், அதாவது ஸி-யில் இருக்கட்டும். சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ரியும் தவும் மட்டுமே ஃப்ளாட், அதாவது அரைப்படி இறங்கியவை. மேற்கத்திய கீ சிக்னேச்சர் எதுவும் இதற்குப் பொருந்தாது. அதனால் ஃப்ளாட் குறியை ரி, த வரும் இடங்களில் தனித்தனியாகப் போடுவதுதான் வழி.

இனி கால் நோட்டைத் தொட்டுவிட்டு முதல் பாரில் ஸி, டி ஃப்ளாட், ஈ, எஃப் போடுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். திரையில் உள்ள கீபோர்டில் ஸி-க்கு அடுத்த கறுப்புக் கட்டையைத் தொட்டால், செயலி அதை ஸி ஷார்ப் என்று எழுதிவிடலாம். காதுக்கு ஒன்றுதான். ஆனால் கண்ணுக்கு, ஸவும் ரியும் ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கும். படிக்கிற பிள்ளைக்கு ரி என்ற தனி ஸ்வரமே தெரியாது. ஸ கீழே சிறு கோட்டில், ரி அதற்கு மேல் முதல் கோட்டை ஒட்டித் தொங்க வேண்டும். அப்படி இல்லையென்றால் நோட்டை மேலே ஒரு படி நகர்த்தி, ஃப்ளாட் குறி போட்டுத் திருத்துங்கள்.

இரண்டாம் பாரில் ஜி, ஏ ஃப்ளாட், பி, மேல் ஸி. மூன்றாவதில் மேல் ஸி-யிலிருந்து ஜி வரை இறக்கம், நான்காவதில் எஃப்-இலிருந்து கீழ் ஸி வரை. ஒரு பாரில் போட்ட ஃப்ளாட் அந்த பாரோடு முடிந்துவிடும். இறங்கும்போது தவுக்கும் ரிக்கும் மறுபடி போட மறக்காதீர்கள். இரண்டாம் பார் முடிவில் இரட்டைக் கோடு போட்டால் ஆவர்த்தனம் பளிச்சென்று தெரியும். நோட்டுகளுக்கு அடியில், பாடல் வரி சேர்க்கும் இடத்தில், ஸ ரி க ம என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள்.

வேகத்தை 60 வைத்துக் கேளுங்கள். செயலி வாசிப்பதில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) எதுவும் வராது, ஸ்வரம் சரியான ஸ்தானத்தில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அதை நம்பலாம்.

சேமிக்கும்போது பிடிஎஃப் மட்டும் எடுத்தால் போதாது. நான் அப்படிச் செய்து, டேப்லெட் மாற்றியபோது எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பும் எடுத்து வையுங்கள், வேறு செயலியிலும் திறந்து திருத்தலாம். இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, இதே ஸ்வரங்களை அரைக்கால் நோட்டாக மாற்றினால் நான்கு பார் இரண்டாகச் சுருங்கிவிடும்.