வைக்கோல் கட்டும் இயந்திரம்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று கணக்குப் பார்க்கும் முறை

தை பிறந்து கண்மாய்ப் பாசன வயல்களில் அறுப்புத் தொடங்கியதும், சிவகங்கை மாவட்டத்தின் கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டைப் பக்கங்களில் நெல் விலைக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது வைக்கோலைப் பற்றித்தான். ஆள் வைத்து அறுத்துக் களத்தில் கதிரடித்த காலத்தில் வைக்கோல் களத்திலேயே ஓரிடத்தில் கிடந்தது. அங்கிருந்து வண்டியேறி வீட்டுக்குப் பின்புறம் படப்பாக உயர்ந்தது. இப்போது அறுவடை இயந்திரம் அதை வயல் நெடுகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதை அள்ளிச் சேர்க்க ஆள் கிடைக்காத ஊர்களில், டிராக்டருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பேலர் எனப்படும் வைக்கோல் கட்டும் இயந்திரம் தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதைச் சொந்தமாக வாங்குவதா, நாலைந்து பேர் கூடி வாங்குவதா, வருகிற வாடகை வண்டியை நம்பியிருப்பதா என்ற கேள்விக்கு விலைப் பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிட முடியாது. ஓர் ஆண்டில் அந்த இயந்திரம் உங்கள் கையில் எத்தனை கட்டுப் போடும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

நம் பகுதியில் அந்த எண்ணிக்கை சிறியது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம்; அதன் அறுப்பும் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மாதத்திலும் நாள் முழுவதும் கட்ட முடியாது. மார்கழி, தை மாதங்களில் இறங்கும் பனி காலை பத்து மணிவரை வைக்கோலை ஈரமாகவே வைத்திருக்கும். மாலையில் மறுபடியும் பதம் ஏறிவிடும். இருபது சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போது கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அடுக்கிய கட்டுகள் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஒரு பருவத்துக்கு முப்பது நாள், மொத்தம் 150 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. விற்பவர் சொல்லும் "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்" என்ற கணக்கு நம் வயல்களுக்குப் பொருந்தாது.

ஒரு கட்டுக்கு எவ்வளவு ஆகிறது

கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் வழியைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைக்கும் விலையையும் உங்கள் ஊர்க் கூலியையும் அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ இரண்டடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள சிறிய உருளைக் கட்டைப் போடும் ஓர் இயந்திரத்தின் விலை 4,00,000 ரூபாய் என்றும், எட்டு ஆண்டுக்குப் பிறகு அது பத்தில் ஒரு பங்கு விலைக்கு, அதாவது 40,000 ரூபாய்க்குப் போகும் என்றும் கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 45,000 ரூபாய். முதலீட்டின் சராசரியான 2,20,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி 26,400 ரூபாய். கடன் வாங்காமல் கைப்பணம் போட்டிருந்தாலும் இந்த வட்டியைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும், ஏனெனில் அந்தப் பணம் வேறெங்காவது இருந்திருந்தால் ஈட்டியிருக்கும். கொட்டகைக்கும் காப்பீட்டுக்கும் 8,000 ரூபாய். ஆக, ஒரு கட்டுக்கூடப் போடாவிட்டாலும் ஆண்டுக்கு 79,400 ரூபாய் செலவு.

ஓடும்போது ஆகும் செலவு தனி. மணிக்கு டீசல் 380, ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் 200, டிராக்டர் தேய்மானம் 200, பேலர் பழுதுபார்ப்பு 200 என்று வைத்தால் 980 ரூபாய். வயல் திரும்பும் நேரம், நூல் மாற்றும் நேரம் எல்லாம் போக மணிக்கு 40 கட்டு நிற்கும் என்றால், கட்டுக்கு 24 ரூபாய் 50 காசு. சணல் நூலுக்கு 4 ரூபாய் சேர்த்தால் 28 ரூபாய் 50 காசு. 150 மணி நேரமும் முழுமையாக ஓடி 6,000 கட்டுப் போட்டால், நிலையான செலவு கட்டுக்கு 13 ரூபாயும் சில்லறையும். மொத்தம் சுமார் 42 ரூபாய். மழையாலோ பழுதாலோ பாதி நேரம்தான் ஓடியது என்றால் அதே கட்டு 55 ரூபாய் ஆகிவிடும்.

உங்கள் ஊரில் வாடகை வண்டிக்காரர் கட்டுக்கு 45 ரூபாய் வாங்குகிறார் என்றால், சொந்த இயந்திரத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் 16 ரூபாய் 50 காசு மிஞ்சும். 79,400 ரூபாயை அதனால் வகுத்தால் 4,812 கட்டு; ஆண்டுக்கு அத்தனை போட்டால்தான் முதலுக்கு ஈடாகும். ஏக்கருக்கு 40 கட்டு என்று கொண்டால் 120 ஏக்கர். ஐந்து ஏக்கர்காரருக்கு விழுவது 200 கட்டுதான். அவர் தம் வயலுக்காக மட்டும் இயந்திரம் வாங்குவது, ஒரு படி அரிசிக்காக அரிசி ஆலை வைப்பதைப் போன்றது. வாடகை 40 ரூபாயாக இறங்கினால் தேவைப்படும் எண்ணிக்கை 6,900க்கு மேல் போய், நம் பருவத்துக்குள் அடங்காமலே போய்விடும்.

மானியம் இந்தக் கணக்கைப் பெரிதும் மாற்றும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்ச வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. முழுப் பாதியும் கிடைத்தது என்று வைத்தால் நிலையான செலவு 42,400 ரூபாயாகக் குறைந்து, ஏறத்தாழ 2,570 கட்டில், அதாவது 64 ஏக்கரில், முதலுக்கு ஈடாகிவிடும். விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வரும் முன் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மானியத்தைக் காட்டி விலையைக் கூட்டிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், மானியம் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று வேறொரு கடையிலும் கேட்டு வையுங்கள்.

நம்பகம் என்பதை எப்படி அளப்பது

நாங்கள் ஐந்து பேர் கூடி வாங்கிய முதல் இயந்திரம், இரண்டாம் ஆண்டு தை நடுவில் உருளையின் பேரிங் உடைந்து நின்றது. விற்றவர் நாளை வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று நான்கு நாள் சொன்னார். ஐந்தாம் நாள் மழை பெய்தது. அந்தப் பேரிங்கின் விலை ஆயிரம் ரூபாய்க்குள். மேலே போட்ட கணக்கின்படி, நான்கு நாளில் போட்டிருக்க வேண்டிய 800 கட்டில் இழந்தது 13,200 ரூபாய். நனைந்து கறுத்துப்போன வைக்கோலை நான் அதில் சேர்க்கவில்லை.

ஆகையால் ஓர் இயந்திரம் உறுதியானதா என்று கேட்பதைவிட, அது நின்றால் எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும் என்று கேட்பது பயனுள்ளது. அந்த மாதிரியை ஏற்கெனவே வைத்திருக்கும் இருவரையாவது தேடிப் போய், சென்ற பருவத்தில் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது, எதனால் நின்றது என்று கேளுங்கள். இருபது நாள் ஓடி ஐந்து நாள் நின்ற இயந்திரம் வேலை நாளில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றிருக்கிறது. பிறகு உதிரி பாகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காரைக்குடியிலோ புதுக்கோட்டையிலோ இருந்தால் மதியத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். மதுரைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போய்வர ஒரு நாள் போய்விடும். வெளிமாநிலத்திலிருந்து பார்சலில் வர வேண்டும் என்றால் அந்த இயந்திரம் இருபதாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. கடைக்காரர் எல்லாம் இருப்பில் உள்ளது என்று சொன்னால், அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

எந்த வகை என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. சதுரக் கட்டுப் போடும் இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டே கட்டும். கட்டுகள் லாரியில் இடைவெளி இல்லாமல் அடங்கும். ஆனால் அதில் முடிச்சுப் போடும் பகுதி நுணுக்கமானது; அதைச் சீர்செய்யத் தெரிந்த கை அருகில் இல்லாவிட்டால் கட்டுகள் அவிழ்ந்துகொண்டே இருக்கும். உருளை இயந்திரம் நூலைச் சுற்றிவிடுவதோடு சரி, முடிச்சு கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டையும் சுற்றி வெளியே தள்ளும்வரை டிராக்டர் நிற்க வேண்டும். அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் அளவுகள் வயலில் கிடைக்கும் பயன் நேரத்தைச் சிறிய சதுரக் கட்டு இயந்திரத்துக்கு 75 சதவீதம், பெரிய உருளைக் கட்டு இயந்திரத்துக்கு 65 சதவீதம் என்று வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய நம் சிறு வயல்களில், கையால் தூக்கக்கூடிய பதினைந்து, இருபது கிலோ எடையுள்ள சிறிய உருளைக் கட்டே ஒத்துவரும் என்று நான் கருதுகிறேன். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பெரிய கட்டும், அதைக் குத்தித் தூக்கும் முன்பக்க லோடரும் இங்கே காட்சிக்கு நன்றாக இருக்கும். வயலுக்குள் நுழைய வழிதான் இராது.

அதே சங்கத்தின் பழுதுச் செலவுச் சூத்திரம் ஒன்று பழைய இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு மிகவும் உதவும். அதன்படி பெரிய உருளை இயந்திரத்தின் ஆயுள் 1,500 மணி நேரம். முதல் 500 மணி நேரத்தில் ஆகும் பழுதுச் செலவு வாங்கிய விலையில் ஏறத்தாழ 12 சதவீதம். 1,000 மணி நேரத்தில் மொத்தம் 43 சதவீதம். 1,500இல் 90 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். கடைசி 500 மணி நேரம் மட்டும் விலையில் பாதியை விழுங்குகிறது. அந்த அளவுகள் புல்லைக் கட்டும் பெரிய இயந்திரங்களுக்கு உரியவை. நெல் வைக்கோலில் மணலைப் போல் உராயும் சிலிக்கா மிகுதி என்பதால், பொறுக்கும் கம்பி விரல்களும் செயினும் உருளைகளும் இன்னும் வேகமாகத் தேயும். முதல் இரண்டு ஆண்டில் பழுதே வரவில்லை என்று மகிழ்ந்து இலாபத்தைப் பங்கிட்டுவிடாமல், கட்டுக்கு 5 ரூபாய் வீதம் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும்.

கூட்டாக வாங்கினால்

பங்காளிகள் சேர்ந்து வாங்கும்போது யார் வயல் முதலில் என்பதை இயந்திரம் வரும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். ஓட்டுபவர் ஒருவராகவே இருக்கட்டும்; ஐந்து கைகள் ஓட்டிய இயந்திரத்தில் எவர் கையில் பாகம் உடைந்தது என்று கண்டுபிடிக்க எந்தப் பஞ்சாயத்தாலும் முடியாது. டிராக்டரின் பி.டி.ஓ., அதாவது பின்னால் இழுக்கும் கருவிக்கு விசை தரும் சுழல் தண்டின் சுழற்சி, நிமிடத்துக்கு 540க்குப் பொருந்துகிறதா, 35 குதிரைத்திறனுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவடை இயந்திரக்காரரிடம் வைக்கோலை வெட்டாமல் வரிசையாக விடச் சொல்லுங்கள். துண்டு துண்டாக விழுந்த வைக்கோலை எந்தப் பேலரும் சரியாகப் பொறுக்காது. கட்டுகளை அடுக்கும்போது அடியில் பனஞ்சட்டமோ கல்லோ வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள், ஏனெனில் நம் செம்மண்ணில் கரையான் சணல் நூலைத்தான் முதலில் தேடி வரும். அதற்காகப் பிளாஸ்டிக் நூலுக்கு மாறுபவர்கள், மாட்டுக்குப் போடும் முன் நூல் முழுவதையும் உருவி எடுத்துவிட வேண்டும். வயிற்றுக்குள் போன நூல் செரிக்காது.

வாங்குவதில்லை என்று முடிவானால், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை உழவன் செயலியின் இ-வாடகை வழியாகப் பதிவு செய்யலாம். தனியார் வண்டி என்றால் பொங்கலுக்கு முன்பே பேசி நாளைக் குறித்துவிடுங்கள். கட்டின் எடையையும் அப்போதே பேசுங்கள். தளர்வாகக் கட்டினால் அதே வயலில் கட்டு எண்ணிக்கை கூடும், கூலியும் கூடும். முதல் பத்துக் கட்டில் மூன்றைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு மேலே ஓட்டச் சொல்லுங்கள்.

சொந்த இயந்திரக்காரர்கள் மார்கழியிலேயே வெளியே எடுத்து, செயினைத் துடைத்து எண்ணெயிட்டு, கிரீஸ் ஏற்றி, இரண்டு பேரிங்கும் ஒரு டஜன் கம்பி விரலும் சுமை மிஞ்சினால் தானே முறிந்து இயந்திரத்தைக் காக்கும் வெட்டுப் போல்ட் ஒரு கைப்பிடியும் டிராக்டர் பெட்டியில் போட்டுக்கொள்ள வேண்டும். வைக்கோல் அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும், பி.டி.ஓ. தண்டின் மேல் மூடியைக் கழற்றிவைத்த வண்டியில் வேட்டியோடு யாரையும் ஏறவிடாதீர்கள்.