தனியாக கிட்டார் வாசிப்பவர்களுக்கு: கரோக்கி டிராக்கைக் காலால் ஓட்டுவது எப்படி

ரிசெப்ஷன் மேடையில் ஒற்றை ஆளாக வாசிக்கிறவனுக்கு டிராக்கை ஆரம்பிப்பதை விட நிறுத்துவதுதான் பெரிய வேலை. கடைசி கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது போனைத் தொடக் கையை எடுத்தால் கார்டு அங்கேயே செத்துவிடும். பாதிப் பாட்டில் யாராவது மைக்கை வாங்கி, "மாப்பிள்ளையோட சித்தப்பா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று ஆரம்பிப்பார். அந்த நொடியே டிராக் நிற்க வேண்டும். அதனால் என் காலுக்கு மூன்றே வேலைதான்: ஆரம்பி, நிறுத்து, அடுத்த பாட்டு. வால்யூம், எஃபெக்ட் எல்லாவற்றையும் காலிலேயே கட்டிக்கொள்பவர்கள் உண்டு. ரிசெப்ஷனுக்கு அது தேவையில்லாத வம்பு.

செலவு குறைந்த வழி, நோட்ஸ் பக்கம் புரட்டும் புளூடூத் பெடல். போன் அதை ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கும். மிதித்தால் அம்புக்குறி பட்டனோ பேஜ் டவுனோ அழுத்தின மாதிரி. சாதாரண மியூசிக் பிளேயருக்கு இது பெரும்பாலும் புரியாது. பேண்ட்ஹெல்பர், ஆன்சாங் மாதிரி, வாசிக்கப்போகும் பாட்டுகளை வரிசைப்படுத்தி வைக்கும் செட்லிஸ்ட் ஆப் வேண்டும். எந்த மிதிக்கு என்ன வேலை என்று அதில் நாமே சொல்லிக்கொடுக்கலாம். இடது மிதி ஆரம்பிக்கவும் நிறுத்தவும், வலது மிதி அடுத்த பாட்டுக்கு. வலதை மிதித்தால் பாட்டு தேர்வாக மட்டும் வேண்டும், ஓடக் கூடாது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் அமைப்பு இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். நான்கு சுவிட்ச் வேண்டுமென்றால் எம்-வேவ் சாக்லேட் போன்ற புளூடூத் மிடி பெடல்கள் இருக்கின்றன (மிடி என்பது இசைக் கருவிகள் கட்டளை பரிமாறும் முறை). ஐபோன்காரர்களுக்கு ஒன்று: கீபோர்டாகத் தெரியும் பெடல் இணைந்திருக்கும்போது திரையில் கீபோர்டு எழாமல் போகும். நேயர் விருப்பம் கேட்டு ஒருவர் வந்து நிற்கும்போது பாட்டுப் பெயரை டைப் செய்ய முடியாது. அதனால் செட்லிஸ்ட்டை வீட்டிலேயே அகர வரிசையிலும் ஒன்று போட்டு வைத்துவிடுங்கள்.

புளூடூத் என்பது பெடலை இணைக்க மட்டும்தான். சத்தம் கேபிளில் போகட்டும். இல்லையென்றால் மிதித்த பிறகு ஒரு தயக்கம் வரும், கூட்டம் சேரச் சேர விட்டு விட்டும் கேட்கும். மேடை ஏறுமுன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். திரை தானாக லாக் ஆவதையும் நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு வழி லூப்பர், அதாவது பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பெடல். பாஸ் ஆர்சி-5இல் 99 இடங்கள் உண்டு, யூஎஸ்பி வழியாக டிராக்கை ஏற்றலாம். எம்பி3 எடுக்காது, 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக மாற்ற வேண்டும். ஏற்றிய ஒவ்வொரு டிராக்கையும் 'ஒன் ஷாட்' முறையில் வையுங்கள். வைக்காவிட்டால் முடிந்த பாட்டு முதலிலிருந்து திரும்ப ஓடும். அதோடு, ஓடும்போது ஒரு மிதி பட்டால் ஓவர்டப் தொடங்கி, நீங்கள் வாசிப்பதும் அதன் மேல் பதிவாகும். நிறுத்த இரண்டு முறை வேகமாக மிதிக்க வேண்டும். சித்தப்பா அறிவிப்பு நேரத்தில் அது கைகொடுக்காது, அதாவது கால்கொடுக்காது. எஃப்எஸ்-6 என்ற இரட்டைக் கால் சுவிட்ச் ஒன்று வாங்கி, ஒன்றில் ஸ்டாப், மற்றதில் அடுத்த மெமரி (அடுத்த டிராக் உள்ள இடம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். லூப்பரின் அவுட்டை கிட்டார் ஆம்ப்பில் கொடுக்காதீர்கள், டிராக் மூக்கடைத்த மாதிரி கேட்கும். நேராக மிக்சருக்கு.

மிக்சர் என்றதும், அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். போனின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ அவுட்டை, மறுமுனையும் ஸ்டீரியோவாக உள்ள ஒரே கேபிளில் மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ சேனலில் (இரு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒற்றை சேனல்) சொருகினால், இரு பக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நடுவில் மிக்ஸ் செய்த பேஸ், கிக் டிரம் எல்லாம் காணாமல் போய், ஓரத்து சத்தம் மட்டும் மெலிசாகக் கேட்கும். சவுண்ட்காரர் டிராக் சரியில்லை என்பார். டிராக் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாகப் பிரியும் ஒய் கேபிளும், அடியில் உறுமல் வந்தால் அறுக்க, போனுக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

டிராக்கைத் தயார் செய்யும்போது தொடக்கத்தில் நான்கு ஸ்டிக் கவுண்ட் சேருங்கள். மிதித்த கால் தரைக்குத் திரும்ப அந்த நேரம் போதும். கடைசியில் ஃபேடு அவுட் வேண்டாம், வெட்டி முடியுங்கள். எல்லா டிராக்கின் சத்தத்தையும் ஒரு லவுட்னஸ் மீட்டரில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் சவுண்ட்காரர் உங்களை நேசிப்பார்.

நம் ஊர் மண்டபங்களில் பல மேடைகளில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். உலோகக் குமிழ் சுவிட்சை வெறுங்காலால் மிதித்தால் வலிக்கும், சில சமயம் முழுதாகவும் அழுந்தாது. அகலமான, மெத்தென்ற பெடலைப் பாருங்கள். வீட்டில் வெறுங்காலோடு, கீழே பார்க்காமல் மிதித்துப் பழகுங்கள். சிவப்புக் கம்பளத்தில் பெடல் நகர்ந்துகொண்டே போகும். ஒரு பிளைவுட் துண்டில் வெல்க்ரோ போட்டு ஒட்டி, மைக் ஸ்டாண்டின் காலை அந்தப் பலகை மேல் ஏற்றி வைத்தால் அசையாது.

கரண்ட் போனால் ஸ்பீக்கர் மௌனமாகும். பேட்டரியில் ஓடும் போனில் டிராக் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் எடுத்ததும் சரணத்தின் நடுவிலிருந்து வெடிக்கும். விளக்கு அணைந்ததுமே ஸ்டாப்பை மிதித்துவிட்டு, வெளிச்சம் வரும்வரை சும்மா கிட்டாரில் எதையாவது வாசித்துக்கொண்டிருங்கள்.