கமைலியோ: ஆள் போன பிறகும் பதிவேட்டில் நிற்கும் தொலைபேசிகள்

கைபேசியில் சிப் (SIP, இணையவழி அழைப்புக்கான நெறிமுறை) செயலி வைத்திருப்பவர் அலுவலகத்தை விட்டுக் கிளம்பி வைஃபை எல்லையைத் தாண்டிவிடுவார். அதன்பின் அவரை அழைத்தால் முப்பது விநாடி மௌனம், அப்புறம் 408, அதாவது 'நேரம் கடந்தது' என்ற பிழை. சர்வரோ அவர் இருக்கிறார் என்றே சாதிக்கும். இதோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சிப் அழைப்புகளை வழிநடத்தும் கமைலியோ சர்வர் ஓடுகிறது, தொலைபேசிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அதில் டிசிபி (TCP, திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாகப் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஒப்பிட்டுப் பாருங்கள். காம்சிஎம்டி (kamcmd) என்ற கமைலியோவின் கட்டளைக் கருவியில் 'யூஎல்.டம்ப்' கொடுத்தால் பதிவுகள் வரும், 'கோர்.டிசிபி_லிஸ்ட்' கொடுத்தால் திறந்திருக்கும் இணைப்புகள் வரும். பதிவில் உள்ள இணைப்பு எண் இரண்டாவது பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பதிவு வெறும் கூடு.

2. ஆயுளைச் சரிசெய்யுங்கள். 'டிசிபி_கனெக்‌ஷன்_லைஃப்டைம்' தானாக 120 விநாடி. பதிவோ வழக்கமாக 3600 விநாடி. சும்மா இருக்கும் இணைப்பை சர்வரே மூடிவிட்டு, பதிவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். 3605 என்று மாற்றுங்கள்.

3. பதிவுகளை வைத்திருக்கும் யூஸர்லாக் (usrloc) மாட்யூலில் 'ஹேண்டில்_லாஸ்ட்_டிசிபி' அளவுருவை 1 ஆக்குங்கள். இணைப்பு போனால் பதிவும் போகும். இந்தச் சோதனை டைமரில் நடப்பதால் 'டைமர்_இன்டர்வல்' அளவையும் 60லிருந்து 20 ஆக்கினேன். பிறகு ரீஸ்டார்ட்.

4. சோதனை. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். செயலியை மூடினேன், பதிவு மறைந்தது. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் அதே புகார்.

செயலியை மூடினால் கைபேசி இணைப்பை முடிக்கும் 'ஃபின்' பாக்கெட் அனுப்பிச் சொல்லிக்கொண்டு போகிறது. வைஃபை எல்லையைத் தாண்டும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சர்வரின் இணைப்புப் பட்டியலில் அது உயிரோடுதான் இருக்கும். மூன்றாம் படி பார்ப்பது அந்தப் பட்டியலை மட்டும்தான். அதனால் சொல்லாமல் போவதைச் சோதிக்க, கைபேசியின் ஐபியிலிருந்து சிப் போர்ட்டான 5060க்கு வரும் பாக்கெட்டுகளை ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) 'டிராப்' செய்யுங்கள். போர்ட்டைக் குறிப்பிட மறக்காதீர்கள். நான் ஐபி முழுவதையும் அடைத்தேன். கைபேசியும் என் மடிக்கணினியும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருந்தன, சர்வருக்கு இரண்டும் ஒரே ஐபி. சர்வருக்குள் நுழைய வைத்திருந்த எஸ்எஸ்ஹெச்சோடு நானும் வெளியே.

5. சர்வரே தட்டிப் பார்க்கட்டும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு பாக்கெட்தான் கீப்அலைவ். லினக்ஸ் முதல் கீப்அலைவ் அனுப்புவதற்கு முன் 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் காத்திருக்கும். கமைலியோவில் 'டிசிபி_கீப்ஐடில்' 30, 'டிசிபி_கீப்இன்ட்வல்' 10, 'டிசிபி_கீப்கவுன்ட்' 3 என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும், அடுத்த டைமரில் பதிவு போகும். (உள்ளமைவில் இந்தப் பெயர்கள் சற்றுச் சுருங்கியிருக்கும், கையேட்டைப் பார்த்து எழுதுங்கள்.)

சிப் தகவல்களைப் பார்க்க எனக்கு எஸ்என்கிரெப் (sngrep) கருவிதான். சர்வரில் அதைவிட வசதியானது இல்லை. ஆனால் கீப்அலைவை அதில் தேடாதீர்கள். அதில் சிப் எதுவும் இல்லாததால் தெரியாது. எல்லாப் பாக்கெட்டுகளையும் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) வேண்டும்.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் சில பதிவுகள் கால் மணி நேரம் நிற்பதாக ஒருவர் எழுதியிருந்தார். என் சர்வரிலும் அப்படித்தான். செத்த இணைப்பில் ஓர் இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் சிப் தகவல்) போய்விட்டால் லினக்ஸ் கெர்னல் அதை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பும். பதில் வராத பாக்கெட் பாக்கி இருக்கும்வரை கீப்அலைவ் எட்டிப் பார்க்காது. எத்தனை முறை திரும்ப அனுப்பலாம் என்று சொல்லும் 'டிசிபி_ரீட்ரைஸ்2' என்ற கெர்னல் அளவு 15 என்பதால் சுமார் 924 விநாடி ஆகிறது. அதை 8 ஆக்கினேன். நூறு விநாடி சொச்சத்தில் விட்டுவிடுகிறது. அந்த சர்வரில் ஓடும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், டேட்டாபேஸ் இணைப்பு உட்பட.