பணிப்பதிவேட்டில் 168, சுவரில் 163

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசற்படி ஒரு சாண் உயரம்தான். 66 வயதில் அதில் தடுக்கி, கையூன்றி விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டவர் அதோடு அனுப்பிவிட்டார். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தால், எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழக்கும் நோய், இருக்கிறதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். பெண்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு.

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம்; எக்ஸ்ரே தேவை. இளமை உயரத்துக்கு எங்கே போவது? அரசு வேலையில் இருந்தவர்களுக்குப் பணிப்பதிவேடு இருக்கிறது. என்னுடையதில் 168. மகள் என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டாள்: 163. பேண்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், கால் குறுகுவதில்லை. பழைய சட்டைதான் தொங்கும்.

அடுத்தது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் எடுத்தேன். சும்மா படுத்திருந்தால் போதும். இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் அளப்பார்கள். இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. எனக்கு மைனஸ் 2.9.

ஆண்களிடம் இதற்குப் பின்னால் வேறொரு காரணம் ஒளிந்திருப்பது அதிகம். கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லாம் ரத்தத்தில் பார்ப்பார்கள். குடி, புகை, புராஸ்டேட் புற்றுநோய்க்கு எடுத்த ஹார்மோன் சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். என் விஷயத்தில் குற்றவாளி, ஆஸ்துமாவுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரை. அதை நாமாகவே நிறுத்துவது ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைத்தார்.

எலும்புப்புரைக்கு எனக்கு எழுதிக்கொடுத்தது அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மி.கி., வாரம் ஒன்று. விடிந்ததும் வெறும் வயிற்றில், டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது; படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். முதல் ஞாயிறு நான் காப்பியோடு விழுங்கித் தொலைத்தேன். மாத்திரையைச் சாக்கடையில் போட்டதற்குச் சமம் என்றார் மருத்துவர். பல் பிடுங்க வேண்டியிருந்தால் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. இதே நோய்க்கு 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றால் தேதி தவறவே கூடாது. பாதியில் விட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவதுண்டு.

கேழ்வரகுக் கூழும், முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடும் கால்சியத்துக்கு நல்லவை. ஆனால் மருந்துக்கு மாற்று அல்ல.

மறுபடி விழாமல் இருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போங்கள். சுவரில் கைப்பிடி வைக்கும்போது கொத்தனார் தன் தோள் உயரத்துக்குக் குறித்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து, கை எட்டும் இடத்தைக் காட்டி அங்கே வைக்கச் சொன்னேன்.